முதலாண்டு மாணவர்களுக்குப் பொறியியல் வடிவமைப்பு: பகுதிநேரமாக எடுக்கப் போகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். கேட்டவர் பல ஆண்டுகளாக இயந்திர வடிவமைப்பில் வேலை செய்கிறவர். முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கு 'பொறியியல் வடிவமைப்பு அறிமுகம்' என்ற பாடத்தை வாரம் ஒரு மாலை வந்து எடுக்க முடியுமா என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருக்கிறது. இருக்கும் வேலையை விடப் போவதில்லை. வகுப்பெடுத்துப் பழக்கமும் இல்லை. எதைச் சொல்லித்தருவது, மார்க் எப்படிப் போடுவது, எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

ஒப்புக்கொள்ளுங்கள். நானும் வேலையில் இருந்துகொண்டே இந்தப் பாடத்தைப் பல செமஸ்டர்களாக எடுத்து வருகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தை மாணவர்கள் முடிவெடுக்கும் தருணத்தில் செலவழியுங்கள். விரிவுரை தயாரிப்பதிலும், செமஸ்டர் கடைசியில் வந்து குவியும் தடித்த அறிக்கைகளைத் திருத்துவதிலும் நேரத்தைக் கொட்டினால் உங்களுக்குக் களைப்புதான் மிஞ்சும், அவர்களுக்கும் பெரிய பயன் இருக்காது. பொருளைச் செய்து முடித்த பிறகு நீங்கள் எழுதும் இரண்டு பக்கக் கருத்தைவிட, அட்டையை வெட்டுவதற்கு முன் நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி அவர்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

இந்தப் பாடம் எதற்காக இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். துறைக்குள்ளேயே இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பொறியியல் கல்வி பட்டறையையும் வரைபலகையையும் விட்டு விலகி, கணிதம், இயற்பியல், பொறியியல் அறிவியல் பக்கம் சாய்ந்தது. பொறியியல் கல்வியை மதிப்பிட்டு 1955-இல் வந்த கிரின்டர் அறிக்கை அந்தப் போக்குக்கு அழுத்தமான வடிவம் கொடுத்தது. பகுப்பாய்வில் வலுவான பட்டதாரிகள் கிடைத்தார்கள், ஆனால் வடிவமைப்பு பெரும்பாலும் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குள் ஒதுங்கிப் போனது. பொறியாளராக வேண்டும் என்று வந்து சேரும் மாணவர், பொறியாளர் என்னதான் செய்வார் என்பதைப் பார்க்கவே சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1990-களில் அங்கே தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு பல பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் செய்த பாடத்திட்ட மாற்றங்களில் வடிவமைப்பு முதலாண்டுக்கே வந்தது. அதற்கு முன்பே, 1970-களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வுடி ஃபிளவர்ஸ் என்ற ஆசிரியர் 2.70 என்ற எண்ணுள்ள பாடத்தில் எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரியான பொருள்களைக் கொடுத்து, அதை வைத்து இயந்திரம் செய்து போட்டியிட வைத்தார். பள்ளி மாணவர்களுக்கான 'ஃபர்ஸ்ட்' என்ற ரோபோ போட்டிகளுக்கு அந்த வகுப்பும் ஒரு முன்னோடி.

ஆக, நீங்கள் எடுக்கப் போவது 'எளிதாக்கப்பட்ட இயந்திர வடிவமைப்பு' இல்லை. கியர் கணக்கும் பேரிங் தேர்வும் பின்னால் முறையாக வரும். பள்ளியில் இவர்கள் போட்ட கணக்குகளில் தேவையான தகவல் எல்லாம் கேள்விக்குள்ளேயே இருந்தது, விடையும் ஒன்றுதான். இங்கே தகவல் குறையும், விடைகள் பெருகும், எது நல்லது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த 'யாரோ' தாங்கள்தான் என்று ஒரு மாணவருக்கு உறைக்க ஒரு செமஸ்டர் பிடிக்கிறது. உறைத்துவிட்டால் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது.

துறையிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் கஷ்டமானது வாயைக் கட்டிக்கொள்வது. ஒரு டீம் படத்தை விரித்ததுமே உங்களுக்கு விடை தெரிந்துவிடும். சொல்லிவிட்டால் அவர்கள் நன்றியோடு எழுதிக்கொள்வார்கள், செய்வார்கள், வேலையும் செய்யும். அந்த முடிவு உங்களுடையதாகிவிடும்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். சின்னப் பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்கும் ஒரு கை செய்துகொண்டிருந்தது ஒரு டீம். கைக்கு 40 செ.மீ. நீளப் பிளைவுட் பட்டை, 30 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். பட்டையைத் தட்டையாகப் படுக்க வைத்து மோட்டாரில் பொருத்தியிருந்தார்கள். நிமிர்த்தி வையுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. "நுனியில் 200 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு வளையும் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் "கொஞ்சம்" என்றார், இன்னொருவர் "வளையாது சார்" என்றார். தண்ணீர் பாட்டிலில் 200 கிராம் வருகிற அளவுக்கு ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டார்கள். பட்டை பல சென்டிமீட்டர் தொங்கிப் போனது. சிறிது நேரம் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு பெண் அதைக் கழற்றி விளிம்பில் நிறுத்திப் பிடித்தார். வளைவே கண்ணுக்குத் தெரியவில்லை. "எத்தனை மடங்கு விறைப்பு கூடியிருக்கும்?" என்று கேட்டேன். பத்து மடங்கு என்று ஊகித்தார்கள். வளையும் திசையில் இருக்கும் உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப விறைப்பு கூடும், அகலத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும் என்று அப்போதுதான் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், நூறு மடங்கு வந்தது. நிமிர்த்தி வைத்த பட்டை பக்கவாட்டில் முறுக்கிக்கொள்கிறதே என்பதை அவர்களே கவனித்து, அடுத்த வாரம் இரண்டு பட்டைகளை இணைத்துக் கொண்டுவந்தார்கள். விசை, திருப்புத்திறன் பாடமெல்லாம் அவர்களுக்கு அடுத்த ஆண்டுதான். ஆனால் அந்த மும்மடி எங்கே வேலை செய்கிறது என்று கையால் பார்த்துவிட்டுத்தான் அங்கே போவார்கள்.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்றே கேள்விகள். இது உங்களுக்கு எப்படித் தெரியும்? வேறு எந்த வழிகளைப் பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள்? இதில் முதலில் உடையப் போவது எது? நாலைந்து வாரத்தில் டீம்கள் இந்தக் கேள்விகளுக்குத் தயாராக வர ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்ச நாளில் ஒரு டீம் இன்னொரு டீமைப் பார்த்து இதையே கேட்கும்.

எல்லாவற்றையும் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. பாதுகாப்பு விஷயங்களை நேரடியாகச் சொல்லுங்கள். யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாத தகவல்களையும் அப்படியே கொடுத்துவிடுங்கள். ஆர்டுயினோ ஊனோ போன்ற, நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் போர்டின் ஒரு முனையிலிருந்து 20 மில்லிஆம்பியர் அளவுக்குத்தான் நிம்மதியாக எடுக்கலாம். சாதாரண பொம்மை மோட்டார்கூடக் கிளம்பும்போது பல நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். மோட்டாரை நேரே முனையில் செருகினால் போர்டு போய்விடும், நடுவில் டிரான்சிஸ்டரோ மோட்டார் டிரைவரோ வேண்டும். இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைப்பது போர்டையும் ஒரு வாரத்தையும் வீணாக்குவது. லித்தியம் பேட்டரியைக் குத்தக் கூடாது, வீங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதும் இந்த ரகம்.

அடுத்து, ப்ராஜெக்டாக எதைக் கொடுப்பது? செமஸ்டரின் தலையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. மாணவர்களையே தலைப்புத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போக்குவரத்து நெரிசலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆர்வம் நல்லதுதான், ஆனால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தொட்டுப் பார்க்கக்கூடிய எதுவும் அதிலிருந்து வராது. ரோபோ போட்டியில் ஒரு வசதி உண்டு, ஜெயித்தது யார் என்பதில் சண்டை வராது. ஆனால் பள்ளியிலேயே ரோபோ செய்து பழகிய ஒருவர் இருந்துவிட்டால் முழு டீமும் அவர் பின்னால் நின்றுவிடும். இன்னொரு குறை, அதில் பயன்படுத்துகிற மனிதர் யாரும் இல்லை. விதிகளை நீங்களே எழுதித் தந்துவிடுவதால் பிரச்சினையைப் புரிந்துகொள்ளும் வேலை மாணவருக்கு மிச்சமே இருக்காது.

எனக்குப் பிடித்தது, ஒரு உண்மையான நபருக்கு ஒரு சின்னக் கருவி. ஒரு கையை மட்டும் பயன்படுத்தக்கூடியவர் பாட்டில் மூடியைத் திறக்க உதவும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை விதமாகவும் செய்யலாம். மேசை மேல் வைத்துச் சோதிக்கலாம். எண்ணால் அளக்கலாம். தோற்றுப்போனால் யாருக்கும் அடிபடாது. ஆப்புபோலச் செருகி இறுக்கலாம், நெம்புகோலாகச் செய்யலாம், பட்டையைச் சுற்றி இறுக்கலாம். ஒரே பிரச்சினைக்கு எட்டு டீம் எட்டு விதமாக வந்து நிற்பதை மாணவர்கள் பார்க்க வேண்டும்.

அந்த நபர் வகுப்புக்கு வந்தால் நடப்பதைக் கவனியுங்கள். "உங்களுக்கு எப்படிப்பட்ட கருவி வேண்டும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவருக்கு அது எப்படித் தெரியும்? மரியாதைக்கு ஏதோ சொல்லி வைப்பார். "இப்போது எப்படித் திறக்கிறீர்கள், கொஞ்சம் செய்து காட்ட முடியுமா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அவர் உட்கார்ந்து, பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, குனிந்து திருகிக் காட்டுவார். அந்த நிமிடத்தில் வகுப்பு மாறும். மூடியைத் திருப்ப உதவும் கருவியை மனதில் வரைந்து வைத்திருந்தவர்கள், கஷ்டம் மூடியில் இல்லை, பாட்டிலைப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இதை எந்த விரிவுரையாலும் கொடுக்க முடியாது.

பார்த்ததைத் தேவைப் பட்டியலாக எழுதும் இடத்தில் விடாமல் நில்லுங்கள். 'எளிதாக இருக்க வேண்டும்', 'உறுதியாக இருக்க வேண்டும்' என்றுதான் முதல் பிரதி வரும். திருப்பிக் கொடுங்கள். 'ஒரே கையால், மேசையில் எதையும் நிரந்தரமாகப் பொருத்தாமல், 25 முதல் 90 மி.மீ. வரை விட்டமுள்ள மூடிகளை 20 விநாடிக்குள் திறக்க வேண்டும்' என்று எழுதினால்தான் அது தேவை. பக்கத்திலேயே அதை எப்படிச் சோதிப்போம் என்றும் எழுத வேண்டும். சோதிக்க வழி இல்லாத வரி பட்டியலில் இருக்கக் கூடாது. 'ரப்பர் பூசிய பிடி வேண்டும்' போன்ற வரிகளையும் அடித்துவிடுங்கள். அது தேவை இல்லை, முன்கூட்டியே எடுத்த தீர்வு. வழுக்கக் கூடாது என்பதுதான் தேவை, ரப்பரா வேறா என்பது பின்னால்.

இந்தக் கட்டத்தில் மாணவர்கள் பொறுமை இழப்பார்கள். எப்போது செய்ய ஆரம்பிப்போம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்போது பொறியியல் கல்வியை ஆராயும் சிந்தியா ஆட்மனும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனையைச் சொல்லுவேன். குழந்தைகள் விளையாட்டு மைதானம் ஒன்றை வடிவமைக்கும் ஒரே வேலையை முதலாண்டு மாணவர்கள், இறுதியாண்டு மாணவர்கள், அனுபவமுள்ள பொறியாளர்கள் என்று எல்லோரிடமும் கொடுத்து, சத்தமாக யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அனுபவமுள்ளவர்கள் பிரச்சினையைப் புரிந்துகொள்ள மாணவர்களைவிட அதிக நேரம் எடுத்தார்கள், அதிகத் தகவல் கேட்டார்கள், அதிலும் பல வகையான தகவல்களைக் கேட்டார்கள். தேர்ந்தவர்கள் சட்டென்று வரைந்துவிடுவார்கள் என்றுதான் மாணவர்கள் நினைத்திருப்பார்கள். இதைக் கேட்ட பிறகு அந்த முணுமுணுப்பு குறைகிறது.

யோசனைகள் தேடும் வாரத்தில் ஒரு எச்சரிக்கை. போன ஆண்டு மாணவர்கள் செய்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கும். அப்போது காட்டாதீர்கள். 1991-இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல காரணம் தருகிறது. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொல்லி, ஒரு பிரிவினருக்கு மட்டும் உறிஞ்சுகுழல் உள்ள எடுத்துக்காட்டைக் காட்டினார்கள். உறிஞ்சுகுழல் கூடாது என்று தெளிவாகச் சொல்லியும், எடுத்துக்காட்டைப் பார்த்தவர்கள் அதையே தங்கள் வடிவமைப்பிலும் கொண்டுவந்தார்கள். உங்கள் வாயிலிருந்து வரும் 'நாங்கள் வேலையில் இப்படித்தான் செய்வோம்' என்பதும் இந்த வகை எடுத்துக்காட்டுதான். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், தாளில் வரையட்டும், அப்புறம் சேர்ந்து பேசட்டும். முந்தைய ஆண்டு வேலைகளை யோசனைகள் வந்த பிறகு காட்டுங்கள், அப்போது அவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

யோசனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பிரிட்டனின் ஸ்டூவர்ட் பியூ கொண்டுவந்த அட்டவணை முறையைத்தான் பெரும்பாலான இடங்களில் சொல்லித்தருகிறார்கள். ஒரு யோசனையை அடிப்படையாக வைத்து, மற்றவை ஒவ்வொரு தேவையிலும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று குறிப்பது. நல்ல முறை. ஆனால் தங்களுக்குப் பிடித்தது ஜெயிக்கும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருப்பது மாணவர்களுக்குக் கைவந்த கலை. மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். ஏதாவது ஒரு கட்டத்தைத் தொட்டு, இங்கே ஏன் மேல் என்று போட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலில் ஒரு அளவீடோ சின்னச் சோதனையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்யும் கட்டத்தில் என் விதி: அட்டையில் செய்த மாதிரியை அந்த நபர் கையில் எடுத்துப் பார்க்காதவரை கணினியில் வரையக் கூடாது. த்ரீடி பிரிண்டர் ஒரு பெரிய ஈர்ப்பு. உள்ளங்கை அளவுப் பொருளை அச்சிட்டு எடுக்கவே பல மணி நேரம் ஆகும், கடைசி வாரங்களில் வரிசை நீண்டுகொண்டே போகும். அவ்வளவு நேரம் காத்து வாங்கிய பொருளைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது, அது தவறான வடிவம் என்று தெரிந்த பிறகும் அதையே ஒட்டிச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரத்தில் வெட்டி ஒட்டிய அட்டையைத் தூக்கிப் போட யாரும் தயங்குவதில்லை. பிரிண்டருக்குப் போகும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். அடுக்குகளுக்கு நடுவேதான் பொருள் பலவீனம், ஆகவே இழுவிசை அடுக்குகளைப் பிரிக்கிற திசையில் வராதபடி படுக்க வைத்து அச்சிட வேண்டும். பிரிண்டரில் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பிக்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வளைந்துவிடும். உடைந்த துண்டைக் குப்பையில் போட விடாதீர்கள். எங்கே, எந்தத் திசையில் உடைந்திருக்கிறது என்று அந்தத் துண்டைப் பார்த்தே படிக்கலாம்.

விபத்துக் கதைகளைப் பற்றி. துறையிலிருந்து வருகிறவர்களிடம் மாணவர்கள் எதிர்பார்ப்பது கதைகள்தான். சொல்லுங்கள், ஆனால் தனி விரிவுரையாக வைக்காமல் தேவைப்படும் நேரத்துக்காக வைத்திருங்கள். ஒரு டீம் கட்டும்போது வசதிக்காக ஒரு இணைப்பை மாற்றிக்கொண்டு, "சின்ன மாற்றம்தான் சார்" என்று வரும். அந்த நாளில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்து ஹயாத் ரீஜன்சி ஹோட்டலைச் சொல்லுங்கள். அங்கே இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் இருந்த நடைபாலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்கின. முதல் வரைபடப்படி ஒரே நீளக் கம்பி மேல்பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப்பாலம்வரை இறங்க வேண்டும். மேல் உத்தரத்தின் கீழ் இருக்கும் நட்டு மேல்பாலத்தின் சுமையை மட்டும் தாங்கினால் போதும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி நட்டை ஏற்றுவது சிரமம் என்று இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். மேல்கம்பி கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு, கீழ்க்கம்பி மேல்பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு. படத்தில் பார்த்தால் அற்ப மாற்றம். ஆனால் மேல் நட்டு இப்போது இரண்டு பாலங்களின் சுமையையும் தாங்க வேண்டும். 1981 ஜூலை 17 அன்று இரண்டும் இடிந்து விழுந்ததில் 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பேகூட அந்நகரக் கட்டட விதிகள் கேட்ட வலிமையை எட்டவில்லை என்றும் விசாரணையில் தெரிந்தது.

சொல்வதோடு நிறுத்தாமல் செய்து காட்டலாம். ஒரு நூலில் இரண்டு கவ்விகளைத் தனித்தனியாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சுருள்வில் தராசைக் கோத்து அரை கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். இரண்டு தராசும் அரை கிலோ காட்டும். இப்போது கீழ்க்கவ்வியை நூலிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தராசையும் எடையையும் மேல் எடையின் அடியில் மாட்டுங்கள். மேல் தராசு ஒரு கிலோ காட்டும். மேலே நூலில் மொத்தச் சுமை மாறவே இல்லை, அதைத் தாங்கும் கவ்வியின் பங்கு இரண்டு மடங்காகிவிட்டது. தராசின் முள் இறங்குவதைப் பார்த்தவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் 'இது எதைத் தாங்குகிறது' என்று கேட்காமல் போக மாட்டார். அந்த டீமும் தன் 'சின்ன மாற்றத்தை' எடுத்துக்கொண்டு போய் மறுபடி கணக்குப் போடும்.

டீம் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்களோடு சேர்ந்துகொள்ள விடாதீர்கள், நீங்களே பிரியுங்கள். மூன்று அல்லது நான்கு பேர் போதும், ஐந்தாவது ஆளுக்கு வேலை இருக்காது. ஓக்லி, ஃபெல்டர், பிரெண்ட், எல்ஹஜ் நால்வரும் 2004-இல் எழுதிய கட்டுரையும் ஆசிரியரே டீம் அமைப்பதைத்தான் பரிந்துரைக்கிறது. வகுப்பில் பெண்கள் குறைவாக இருந்தால் ஒரு டீமுக்கு ஒருவர் என்று பரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளவும் அது சொல்கிறது. பரப்புவது நியாயம்போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொருவரும் தனித்துப் போவார்கள், அறிக்கை எழுதும் வேலையும் படவிளக்கம் செய்யும் வேலையும் சத்தமில்லாமல் அவர்கள் தலையில் வந்து விழும். எல்லோரும் துளையிட வேண்டும், எல்லோரும் எழுத வேண்டும், எல்லோரும் பேச வேண்டும் என்று பொறுப்புகளைச் சுழற்றுங்கள். கணினியில் வரையத் தெரிந்த ஒருவரே கடைசிவரை வரைந்துகொண்டிருந்தால், தெரிந்ததையே இன்னொரு முறை செய்துவிட்டுப் போவார்.

பகுதிநேரமாக வருகிறவருக்கு ஒரு பெரிய குறை, காரிடாரில் நடக்கும் பேச்சு காதில் விழாது. டீமுக்குள் ஒருவர் வராமலே இருக்கிறார் என்பது உங்களுக்குக் கடைசி வாரம்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு மாணவரும் வாரா வாரம் நாலைந்து வரி எழுதி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்தேன், மற்றவர்கள் என்ன செய்தார்கள், எது என்னைத் தடுக்கிறது. படிக்கச் சில நிமிடம்தான். நான்கு பேரின் வரிகளில் ஒருவர் பெயர் இரண்டு வாரமாக வரவில்லை என்றால் அந்த வாரமே கூப்பிட்டுப் பேசிவிடலாம்.

மார்க். இறுதியில் பொருள் வேலை செய்கிறதா என்பதற்கு நான் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் தருவதில்லை. இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் உண்டு. உலகத்தில் வேலை செய்யாத பாலத்துக்கு யார் மார்க் போடுவார்கள் என்பார்கள். ஆனால் முதலாண்டில் இயங்குவதற்கு அதிக மார்க் வைத்தால் எல்லா டீமும் ஏற்கெனவே தெரிந்த பாதுகாப்பான வடிவத்தையே செய்யும், யாரும் எதையும் முயன்று பார்க்க மாட்டார்கள். மிச்ச மார்க்கை வடிவமைப்பு நோட்டுக்கும், டீம்கள் தங்கள் வடிவமைப்பைக் காட்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடைக்கால மீளாய்வுகளுக்கும், சோதனைத் தரவுக்கும், தனித்தனியாக நடக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் பிரித்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் அவரவர் செய்யாத பகுதியைப் பற்றிக் கேளுங்கள். சர்க்யூட் செய்தவரிடம் இந்த இடத்தில் ஏன் இந்த ஸ்க்ரூ என்று கேட்டால், டீம் உண்மையிலேயே சேர்ந்து முடிவெடுத்ததா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மார்க் எதற்கு எவ்வளவு என்ற அட்டவணையை முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

அறிக்கைக்குப் பக்க வரம்பு வையுங்கள். ஆறு பக்கம் தாராளம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு அழகான உரைநடை எழுதுவது யாருக்கும் கஷ்டமில்லை, அதனால் நான் அறிக்கைக்கான பங்கைக் குறைத்து நோட்டுக்குக் கூட்டியிருக்கிறேன். தேதி போட்டு, கையால் வரைந்து, தோற்றுப்போன சோதனையின் எண்களும் அடித்துத் திருத்திய வரிகளும் இருக்கும் நோட்டு ஒருவர் யோசித்த வழியை அப்படியே காட்டும்.

நேரம் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் செமஸ்டரில் வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், மீளாய்வு வாரங்களில் இன்னும் கூடும். இரண்டாம் முறை இது கணிசமாகக் குறையும். இருக்கிற பாடத்திட்டத்தையும் பயிற்சிகளையும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கி அப்படியே ஒரு முறை ஓட்டுங்கள், முதல் முறையே எல்லாவற்றையும் புதிதாக எழுத உட்காராதீர்கள். மாணவர் மின்னஞ்சல்களுக்கு எந்த நாளில் எந்த நேரத்தில் பதில் வரும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். மீளாய்வுக் கருத்துகளை வகுப்பிலேயே வாயால் சொல்லி, டீமையே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகும் வேலை பாதி குறையும், அவர்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பேச்சு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றும் தெரியும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை சில. ஊதியம் வகுப்பு மணிக்கு மட்டுமா, திருத்தும் நேரமும் கூட்டங்களும் அதில் அடங்குமா? மாணவர் சேர்க்கை குறைந்தால் வகுப்பை ரத்து செய்வார்களா, எத்தனை நாள் முன்பு சொல்வார்கள்? மாலையில் பட்டறை திறந்திருக்குமா, டெக்னீஷியன் இருப்பாரா? பொருள்களை யார் வாங்கித் தருவார்கள்? உதவி ஆசிரியர் உண்டா? காப்பியடித்த புகார் வந்தால், அல்லது ஒரு மாணவருக்குக் கூடுதல் உதவி தேவைப்பட்டால் யாரிடம் போக வேண்டும்? இணையதளக் கணக்கும் நுழைவு அட்டையும் முதல் வகுப்புக்கு முன்பே கையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள், பகுதிநேர ஆசிரியர்களுக்கு இது தாமதமாவது சகஜம். டெக்னீஷியனை முதல் வாரமே போய்ப் பாருங்கள். எந்த டீம் எந்த இயந்திரத்தில் தவிக்கிறது என்பது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அவர் சொல்லும் பாதுகாப்பு விதியை நீங்கள் ஒருநாளும் தளர்த்தாதீர்கள்.

உங்கள் நிறுவனத்திடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அங்கே இருக்கும் வரைபடங்களையோ வாடிக்கையாளர் பிரச்சினைகளையோ வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். மாணவர்கள் செய்த பொருளின் உரிமை யாருக்கு என்று பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு டீம் நல்ல பொருளாகச் செய்துவிட்டால் இந்தக் கேள்வி வரும், அப்போது தேடக் கூடாது.

ஒரு நிலையில் மட்டும் மறுத்துவிடுங்கள் என்பேன். எழுபது எண்பது மாணவர்களை, உதவி ஆசிரியர் இல்லாமல், பட்டறை வசதி இல்லாமல், உங்கள் தலையில் மட்டும் கட்டினால் மீளாய்வுக்கு நேரமே இருக்காது, பாடம் விரிவுரையாகிவிடும். அப்படியானால் முதல் முறை வேறொருவரோடு சேர்ந்து எடுக்கிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எப்படியானாலும், தொடங்குவதற்கு முன் அதே பாடத்தை இப்போது எடுக்கிறவரின் மீளாய்வு வகுப்பு ஒன்றில் பின் வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். மாணவர்கள் சொல்வதைவிட ஆசிரியர் எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.